போராட்டக் களத்தில் விளைந்த சிந்தனை
டாக்டர் புர்ஹானுத்தீன் அல் ஹெல்மியின் வாழ்வு தரும் பாடம்



நமது ஜெலாப்பாங் வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் இஷா தொழுகைக்குப் பின் கூடியிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து நாள்வழிக் கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அரிசி, கருவாடு, புகையிலை, மண்ணெண்ணெய் என்று நாள் தவறாமல் வரவும் செலவும் எழுதப்பட்ட அப்புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. 1947ஆம் வருடம் அக்டோபர் 20ஆம் தேதி, திங்கட்கிழமை. “கடை அடைப்பு. வரவு இல்லை. பையன்கள் சாப்பாட்டுச் செலவு” என்பது மாத்திரம் அதில் காணப்பட்டது.

பெருநாள் அன்று, வெள்ளப் பெருக்கும் இல்லை. வாரத்தின் முதல் வியாபார நாளில், ஒரு சல்லி வரவையும் எளிதில் விட்டுக்கொடுக்காத அப்பெரியவர் ஏன் கடையை அடைத்தார்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த நாம், நமது பேராக் மண்ணிலேயே பிறந்த ஒரு சிந்தனையாளரின் வரலாற்றுக்கு வந்து சேர்ந்தோம். அவரே டாக்டர் புர்ஹானுத்தீன் அல் ஹெல்மி. அரசியல் கொந்தளிப்பில் நேரடியாக ஈடுபட்ட ஒருவரின் கருத்துகள் அந்த ஈடுபாட்டினாலேயே எவ்வாறு மாறி, விரிந்து, பக்குவம் அடைகின்றன என்பதை அவர் வாழ்வைக் கொண்டு ஆராய்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

ஏட்டிலா, களத்திலா?

சிந்தனையாளர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? நான்கு சுவர்களுக்குள் விளக்கின் முன்னே அமர்ந்து கிதாபு புரட்டும் ஒருவர். அவர் முதலில் சிந்திக்கிறார், பின்னர் எழுதுகிறார், அதன்பின் மக்கள் அதன்படி செயலாற்றுகிறார்கள் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். சரித்திரம் காட்டும் வரிசை பெரும்பாலும் இதற்கு மாறானது. செயல் முந்துகிறது, சிந்தனை அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வருகிறது.

நாம் அனைவரும் பெயரளவிலாவது அறிந்த இப்னு கல்தூனை எடுத்துக்கொள்வோம். 1332இல் தூனிஸில் பிறந்த அவர், இளம் வயதிலேயே வட ஆப்பிரிக்க அரசவைகளின் சூழ்ச்சிகளில் இறங்கியவர். பாஸ் நகரில் சிறைவாசம் அனுபவித்தார். கிரனாடாவிலும் பூஜியாவிலும் உயர்ந்த பதவிகளில் இருந்தார். இருந்த இடங்களிலிருந்து வெளியேறவும் நேர்ந்தது. அரசுகள் எழுவதையும் விழுவதையும் அருகிருந்து கண்ட பிறகே, 1375இல் அரசியலை விட்டு ஒதுங்கி ஒரு கோட்டையில் தங்கினார். 1377இல் தம் புகழ்பெற்ற ‘முகத்திமா’வை எழுதி முடித்தார். ஒரு கூட்டத்தாரை ஒன்றாகக் கட்டும் ‘அஸபிய்யா’ என்னும் இனப்பற்றே அரசுகளை எழுப்புகிறது என்றும், சுகபோகத்தில் அது தளரும்போது அரசுகள் சரிகின்றன என்றும் அதில் அவர் விளக்கினார். ஆள்பவனே வியாபாரத்தில் இறங்கினால் குடிகளுக்கும் கேடு, கஜானாவுக்கும் கேடு என்று எழுதியவரும் அவரே. இதை அவர் அரண்மனைக்குள் கண்ணால் கண்டு எழுதினார். அந்த இருபதாண்டு அலைச்சல் இல்லையேல் அந்நூலும் இல்லை.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிரன்று. கணக்கியல் நூல் படித்தவனுக்கும், கடன் கொடுத்து வராமல் போய்ப் பாடம் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் அறிவோம். ஆயினும் அனுபவம் மட்டுமே ஒருவனை அறிஞனாக்கிவிடாது. நஷ்டப்பட்ட எல்லோரும் பாடம் கற்றுக்கொள்வதில்லை. அனுபவத்தை ஆராய்ந்து, ‘நான் நினைத்திருந்தது எங்கே தவறு?’ என்று தன்னையே கேட்டுக்கொள்பவன் மட்டுமே கற்றுக்கொள்கிறான். இனி நம் ஊர்க்காரரின் கதைக்கு வருவோம்.

பேராக்கில் பிறந்தவர்

புர்ஹானுத்தீன் 1911ஆம் ஆண்டு கோப்பேங் பக்கத்துச் சங்காட் துவாலாங்கில் பிறந்தார். தந்தையார் சுமத்ராவின் மினாங்கபாவ் வம்சத்தவர், மார்க்கப் பற்று மிகுந்தவர். மகன் சுமத்ராவிலும் பின்னர் பினாங்கு மஷ்ஹூர் மதரஸாவிலும் கல்வி கற்றார். அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் அங்கே வாய்த்தன. 1920களின் இறுதியில் இந்தியா சென்று ஹோமியோபதி வைத்தியம் பயின்றார். ‘டாக்டர்’ என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அவ்வாறே.

அவர் இந்தியா சென்ற காலத்தை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். கிலாபத் இயக்கத்தின் நினைவு முஸ்லிம்களின் உள்ளத்தில் ஆறாதிருந்த காலம் அது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டையே உலுக்கியது. ஒரு வல்லரசின் கீழ் வாழும் மக்கள் கடையடைத்தும், வரி மறுத்தும், சிறை புகுந்தும் தங்கள் எண்ணத்தை அறிவிக்க முடியும் என்பது அங்கே தெருவில் எழுதப்பட்ட பாடமாக இருந்தது. மலாயாவில் பிறந்த ஓர் இளைஞர் வைத்தியம் கற்கப் போன நாட்டில் அரசியலும் காற்றோடு கலந்திருந்தது.

தாயகம் திரும்பிய பின் சிங்கப்பூரில் மதரஸா ஆசிரியராகப் பணியாற்றினார். 1938இல் இப்ராஹிம் யாக்கூப் முதலியோர் தொடங்கிய கேசத்துவான் மலாயு மூடா என்னும் மலாய் இளைஞர் சங்கத்தில் ஈடுபட்டார். அந்தச் சங்கத்தின் கனவு ‘இந்தோனேசியா ராயா’. அதாவது சுமத்ரா, ஜாவா முதலிய தீவுகளும் மலாயாவும் ஒரே பெருநாடாக வேண்டும் என்பது. ஒரே இரத்தம், ஒரே மொழி, ஒரே மார்க்கம் என்ற அடிப்படையில் எழுந்த கனவு அது. அந்தக் கனவில் சீனருக்கோ, நமக்கோ இடம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் அப்போது எழவில்லை என்பதே உண்மை.

தைப்பிங்கில் ஒரு சந்திப்பு

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் புர்ஹானுத்தீன் தைப்பிங்கில் ஜப்பானிய அதிகார பீடத்தில் மலாய்ச் சமய, பண்பாட்டு விவகாரங்களுக்கான ஆலோசகராக இருந்தார். அக்காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு உண்டு பசியாறிய காலம். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்துத் தமிழர்களை வாரிக்கொண்டு போன காலம். அந்த ஆட்சியோடு ஒத்துழைத்தது அவர்மீது சுமத்தப்படும் குற்றமாகவே இருந்து வருகிறது. விடுதலை நாடியவர்கள் பலர் அன்று அந்தப் பாதையில் நடந்தனர். நேதாஜியின் இயக்கத்தில் சேர்ந்த நம்மவரும் அப்படியே. காரணம் புரிகிறது என்பதால் கணக்கில் அதை எழுதாமல் விடுவது நியாயமாகாது.

1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன், இந்தோசீனாவில் ஜப்பானியத் தளபதியைக் கண்டு திரும்பிக்கொண்டிருந்த சுகர்ணோவும் ஹத்தாவும் தைப்பிங்கில் இறங்கினார்கள். இப்ராஹிம் யாக்கூபும் புர்ஹானுத்தீனும் அவர்களைச் சந்தித்தனர். இரு நாடுகளும் சேர்ந்து விடுதலை அறிவிப்பது பற்றிப் பேச்சு நடந்தது. ஆனால் சரித்திரம் ஒரு வாரம்கூடத் தவணை தரவில்லை. ஜப்பான் சரணடைந்தது. ஆகஸ்டு 17இல் ஜாக்கர்த்தாவில் இந்தோனேசியா மட்டும் விடுதலையை அறிவித்தது. மலாயா அதில் சேரவில்லை. இப்ராஹிம் யாக்கூப் ஜாவாவுக்குப் போய்விட்டார். புர்ஹானுத்தீன் இங்கேயே தங்கினார்.

இந்த இடம்தான் நமது பாடத்தின் திருப்பம். கனவு கலைந்தபின் அங்கே போனவருக்குப் பழைய கருத்தோடு வாழ்வது சாத்தியமாயிற்று. இங்கே தங்கியவருக்கோ, இங்கே உள்ள மக்களை வைத்துக்கொண்டே மறுபடி யோசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று.

ஈப்போவும் மலாய் தேசியக் கட்சியும்

1945 அக்டோபரில் நமது ஈப்போவில்தான் மலாய் தேசியக் கட்சி தோன்றியது. யுத்தத்திற்குப் பின் மலாய்க்காரர் நிறுவிய முதல் அரசியல் கட்சி இதுவே. அம்னோ 1946 மே மாதத்திலேதான் பிறந்தது. முக்தாருத்தீன் லாசோ முதல் தலைவர். அவருக்குப்பின் புர்ஹானுத்தீன் தலைமை ஏற்றார். ‘சுவாரா ராக்யாட்’ என்னும் பத்திரிகை ஈப்போவிலிருந்தே வெளிவந்தது. அதன் ஆசிரியர் குழுவில் இருந்தவர் இன்னொரு பேராக் மைந்தர் அஹ்மத் பூஸ்தமாம். 1920இல் தஞ்சோங் மாலிம் பகுதியில் பிறந்து, ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் பயின்றவர் அவர்.

இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தல் பயன் தரும். பூஸ்தமாம் 1946இல் ‘ஆப்பி’ என்னும் இளைஞர் அணியை அமைத்தார். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு நெருப்பு என்று பொருள். இரத்தம் சிந்தியும் விடுதலை பெறுவோம் என்பது அவ்வணியின் முழக்கம். இதற்காக 1947இல் ராஜநிந்தனை வழக்கில் அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் அணியே தடை செய்யப்பட்டது. ஆசிரியராகவும் வைத்தியராகவும் இருந்த புர்ஹானுத்தீனின் நோக்கு வேறு. ‘நாம் யாருக்காக விடுதலை கேட்கிறோம், எந்த நியாயத்தால் கேட்கிறோம்’ என்பதை விளக்கவே அவர் முனைந்தார். ‘பெர்ஜுவாங்ஙான் கித்தா’, அதாவது ‘நமது போராட்டம்’ என்னும் அவரது நூல் 1946இல் வெளிவந்தது.

1946 ஏப்ரல் முதல் தேதி பிரிட்டிஷார் மலாயன் யூனியனை அமல் செய்தனர். அதை எதிர்ப்பதில் அம்னோவும் மலாய் தேசியக் கட்சியும் முதலில் ஒன்றாக நின்றன. அவ்வாண்டு ஜூனில் ஈப்போவில் நடந்த அம்னோ மாநாட்டில், சிவப்பு வெள்ளைக் கொடியைப் பற்றிய பிரேரணை தோற்றதும் மலாய் தேசியக் கட்சியினர் வெளியேறினர். கொடியைப் பற்றிய சண்டைபோல் தோன்றினாலும், உண்மையில் அது வழியைப் பற்றிய சண்டை. சுல்தான்களையும் பிரிட்டிஷாரையும் அண்டி உரிமையைக் காப்பதா, அல்லது மக்களைத் திரட்டி விடுதலை கேட்பதா என்பதே விஷயம்.

தோழமை மாற்றிய கருத்து

வெளியேறியவர்களுக்குத் தோழர்கள் தேவைப்பட்டனர். தனிக்கடை வைத்திருப்பவன் தன் இஷ்டப்படி விலை சொல்லலாம். பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டால் பங்காளியின் நியாயத்தையும் கேட்கவேண்டும் அல்லவா?

1946 டிசம்பரில் பல கட்சிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டு நடவடிக்கைக் கவுன்சிலை அமைத்தன. தான் செங் லோக் அதன் தலைவரானார். ஜான் திவி தலைமையிலிருந்த மலாயன் இந்தியக் காங்கிரசும் அதில் அங்கம் வகித்தது. 1947 பிப்ரவரியில் மலாய் தேசியக் கட்சி முதலிய மலாய் அமைப்புகள் ‘புத்தேரா’ என்னும் தனிக் கூட்டணியாகத் திரண்டன. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து, பல மாதப் பேச்சுக்குப்பின் 1947இல் ‘மக்கள் அரசியலமைப்பு’ என்னும் திட்டத்தை வெளியிட்டன.

அத்திட்டம் சொன்னது என்ன? சிங்கப்பூரும் சேர்ந்த ஐக்கிய மலாயா. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை. அதிகாரம் மக்களிடமிருக்க, அரசியலமைப்புக்குட்பட்ட மன்னர்களாக சுல்தான்கள். இஸ்லாமும் மலாய் வழக்காறுகளும் மலாய் மக்களின் பொறுப்பிலேயே இருத்தல். மலாய் மொழி ஆட்சிமொழி. பிற மொழிகளைப் பேசவும் தடையில்லை. இந்நாட்டையே தாயகமாகக் கொண்டு விசுவாசம் காட்டும் யாவருக்கும் சமமான பிரஜாவுரிமை. ஓரினத்தைப் பாதிக்கும் சட்டங்களைத் தடுக்க ஓர் இனங்களின் கவுன்சில். இவற்றோடு அந்தப் பொதுப் பிரஜைகளின் பெயர் ‘மலாயு’ என்பது.

இந்தக் கடைசி அம்சத்தை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ‘மலாயு’ என்பது அதுவரை பிறப்பைக் குறித்த சொல். அதை ஒரு தேசியத்தின் பெயராக, பிறப்பையும் மதத்தையும் கடந்து விசுவாசத்தால் அடையக்கூடிய ஒன்றாக விரித்தார்கள். மலாய்த் தரப்பு தன் பெயரையே பிறருக்குத் திறந்து கொடுத்தது. மற்றத் தரப்பு அந்தப் பெயரையும் மொழியையும் ஏற்றுக்கொண்டது. இரு பக்கமும் விட்டுக்கொடுத்தே அந்த ஒப்பந்தம் முடிந்தது.

பத்தாண்டுகளுக்கு முன் ‘இந்தோனேசியா ராயா’ என்று இரத்த உறவைப் பேசிய அதே வட்டத்தவர், இப்பொழுது விசுவாசத்தைப் பேசினார்கள். எந்த நூலகமும் இந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. பிற இனத்தாரோடு ஒரே மேசையில் அமர்ந்து, அவர்களுடைய அச்சத்தைக் கேட்டு, தம்முடைய அச்சத்தையும் சொல்லி, இருவருக்கும் பொதுவான எதிராளி ஒருவன் இருக்கிறான் என்று கண்டதே அதை உண்டாக்கியது. களம் சிந்தனைக்குச் செய்யும் முதல் உபகாரம், புத்தகத்தில் இல்லாத கேள்வியை எழுப்புவது. இரண்டாவது, அந்தக் கேள்விக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவனும் ஒப்பும்படி விடை சொல்ல வைப்பது.

வெறுமையான அந்தப் பக்கம்

இப்பொழுது பாட்டனாரின் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். பிரிட்டிஷார் இத்திட்டத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அம்னோவோடும் சுல்தான்களோடும் மட்டும் பேசி, மலாயா கூட்டரசுத் திட்டத்தை வகுத்தனர். அதை ஆட்சேபித்து 1947 அக்டோபர் 20ஆம் தேதி மலாயா முழுவதும் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. சீன வர்த்தக சங்கங்களும் அதை ஆதரித்தன. ‘ஹர்த்தால்’ என்பது இந்தியாவிலிருந்து வந்த சொல். 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் அறிவித்த கடையடைப்பின் வழி பிரபலமானது. அச்சொல் கடல் கடந்து வந்து நம் கடைத்தெருவில் பலகைகளைப் பூட்டவைத்தது.

இந்தப் போராட்டத்தின் ஆயுதம் வியாபாரியின் கதவு. இதை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஹர்த்தாலில் நஷ்டம் முதலில் விழுவது சிறு கடைக்காரன் தலையில்தான். அவனுக்கு மாதக் கடைசியில் வாடகை நிற்காது. மொத்தக் கடைக்காரன் தவணை தரமாட்டான். ஆகவே அந்தப் பெரியவர் கடையை அடைத்தது லேசான காரியமன்று. ஒரு நாள் வரவைக் கொடுத்து அவர் கேட்டது, ‘நானும் என் பிள்ளைகளும் இந்நாட்டில் யார்?’ என்ற கேள்விக்கு விடை. அக்கம் பக்கத்துக் கடைகளெல்லாம் மூடியிருக்க, தாம் மட்டும் திறக்க அஞ்சியும் அடைத்திருக்கலாம். இரண்டு காரணங்களும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கக்கூடும். கணக்குப் புத்தகம் அதைச் சொல்லவில்லை.

விளைவு? ஹர்த்தால் நடந்தது, திட்டம் வெல்லவில்லை. 1948 பிப்ரவரி முதல் தேதி கூட்டரசு உதயமாயிற்று. பிரஜாவுரிமை நிபந்தனைகள் யூனியன் காலத்தைவிடக் கடுமையாயின. அதே ஆண்டு ஜூன் 16இல் நமக்கு அருகிலுள்ள சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட, அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. பூஸ்தமாம் சிறை சென்றார். 1955 வரை வெளியே வரவில்லை. குனோங் செமாங்கோலில் அவ்வாண்டு மார்ச்சில் தோன்றிய ஹிஸ்புல் முஸ்லிமீன் கட்சியின் தலைவர்களும் பிடிபட்டனர். சேர்ந்து உட்கார்ந்த மேசையே கவிழ்ந்துபோயிற்று. நமது ஜெலாப்பாங் போன்ற இடங்களில் முள்வேலிக்குள் புதுக்கிராமங்கள் எழுந்தது இதன் தொடர்ச்சியே.

தோல்விக்குப்பின் எழுதியது

1950 டிசம்பரில் சிங்கப்பூரில் நாத்ரா என்னும் மரியா ஹெர்தோக் வழக்கு கலவரமாக வெடித்தது. பதினெட்டுப் பேர் மாண்டனர். முஸ்லிம்களின் மனவருத்தத்தை வெளியிட அமைந்த குழுவில் தமிழ் முஸ்லிம் பத்திரிகாசிரியர் கரீம் கனியும், டாக்டர் புர்ஹானுத்தீனும் இருந்தனர். இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். வருத்தம் நியாயமானதே. ஆனால் கூட்டம் தெருவில் இறங்கியபின் அதன் கடிவாளம் தலைவர்கள் கையில் நிற்பதில்லை என்பதையும், சம்பந்தமே இல்லாத ஐரோப்பியரும் யுரேசியரும் அன்று தாக்கப்பட்டனர் என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. களம் கற்றுக்கொடுப்பதோடு களம் கெடுப்பதும் உண்டு. அவசரமும் ஆவேசமும் சிந்தனைக்கு விரோதிகள்.

விடுதலையானபின் 1954இல் அவர் மலாய்த் தேசியத்தின் தத்துவத்தை விளக்கும் நூலை வெளியிட்டார். வம்சம் வேறு, தேசியம் வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். வம்சம் பிறப்பால் வருவது, மாற்ற முடியாதது. தேசியமோ ஏற்றுக்கொள்வதால் வருவது. பிற நாட்டோடுள்ள பற்றை விட்டு, இந்நாட்டுக்கே விசுவாசம் பூண்டு, அதன் நிபந்தனைகளை நிறைவேற்றுபவன் வேற்று வம்சத்தவனாயினும் இந்தத் தேசியத்தில் சேரலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1947இல் பேரப்பேச்சின் முடிவாக இருந்த ஒன்று, 1954இல் தத்துவமாகிவிட்டதை நேயர்கள் கவனிக்கவேண்டும். மேசை கவிழ்ந்த பிறகும், தோழர்கள் சிதறிய பிறகும் அவர் அந்தக் கருத்தைக் கைவிடவில்லை. அதனால் வரக்கூடிய லாபம் இல்லாத காலத்திலும் ஒருவர் ஒரு கருத்தைப் பிடித்திருந்தால், அது அவருடைய சொந்தக் கருத்தாகிவிட்டது என்று கொள்ளலாம். களத்தின் மூன்றாவது உபகாரம் இதுவே. தோல்வி என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறது.

மார்க்க அறிஞராகிய அவருக்கு வேறொரு கேள்வியும் இருந்தது. முஸ்லிமுக்கு தேசியம் கூடுமா? இனவெறியை மார்க்கம் கண்டிக்கிறதே? அவர் கூறிய சமாதானம், தேசியம் ஒரு கருவியே, இலட்சியம் அன்று என்பது. 1956 இறுதியில் அகில மலாயா இஸ்லாமியக் கட்சியின் தலைவரானார். 1959இல் பெசூட் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றார். 1965இல் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். 1969 அக்டோபரில் காலமானார். பூஸ்தமாமும் சிறையிலிருந்து வந்து 1955இல் மக்கள் கட்சியை நிறுவி, 1957இல் தொழிற்கட்சியோடு இணைந்து சோஷலிஸ்டு முன்னணி அமைத்தார். நெருப்பைப் பேசிய இளைஞரும் பிற இனத் தோழமையையே நாடினார் என்பது சிந்திக்கத்தக்கது.

நமக்கு இதனால் ஆவது என்ன?

அவர் கருத்தில் குறை இல்லையா? உண்டு. ‘மலாயு’ என்ற பெயரை ஏற்கச் சீனரும் இந்தியரும் பலர் தயங்கினர். தங்கள் மொழியும் பள்ளியும் என்னாகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. மலாய்க்காரரிலும் பலர், நம் பெயரையே கொடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்டனர். இரண்டும் அர்த்தமுள்ள கேள்விகள். மேசையில் இருந்த சிலர் ஒப்பியதை நாட்டிலிருந்த பலர் ஒப்பினார்கள் என்று சொல்வதற்கில்லை.

நம்மவர் நிலையையும் ஒளிக்காமல் பார்க்கவேண்டும். நம் முன்னோரில் பலர் ஒரு காலை நாகூரிலோ, கடையநல்லூரிலோ, ராமநாதபுரத்துக் கிராமத்திலோ ஊன்றி, மறு காலை இங்கே வைத்திருந்தனர். பணம் ஊருக்குப் போயிற்று. பெண்டு பிள்ளைகள் அங்கே இருந்தனர். பிறநாட்டுப் பற்றை விட்டவனே இந்நாட்டவன் என்ற நிபந்தனை அவர்களுக்குக் கசப்பாக இருந்திருக்கும். 1957இல் மெர்டேக்கா வந்தபோது மனுச் செய்து பிரஜாவுரிமை பெற வழியிருந்தது. பெற்றவர் பிழைத்தனர். ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று தள்ளியவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர். 1969க்குப் பின் பிரஜையல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் கண்டிப்பாக அமலானபோது, தோட்டங்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் கப்பலேறின! அவர்களிடம் புகையிலையும் அரிசியும் கடனுக்கு விற்ற நம் கடைகளின் பேரேடுகளில் வராக்கடனாக எழுதப்பட்டவை பல. தேசியம் என்றால் என்ன என்ற தத்துவக் கேள்வி, கடைசியில் ஒருவன் கையிலிருக்கும் அட்டையின் நிறமாக வந்து நிற்கிறது.

ஆகவே வணிக சகோதரர்களே, ‘அரசியல் நமக்கெதற்கு, நாம் உண்டு நம் கடை உண்டு’ என்பது வாய்க்கு எளிதான பேச்சு. கடையைச் சூழ்ந்துள்ள சட்டத்தை எவரோ எங்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அவர்கள் யோசிக்கும் மேசையில் நம் அச்சத்தையும் நம் நியாயத்தையும் எடுத்துச் சொல்ல ஓராள் இருந்தால் அந்த யோசனையே மாறக்கூடும் என்பதற்கு 1947 சாட்சி. அதே சமயம் ஆவேசத்தின் பின்னே ஓடுவது நம் தொழிலன்று என்பதற்கு 1950 சாட்சி. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

அந்தப் பெரியவரின் புத்தகத்தில் அடுத்த பக்கம், அக்டோபர் 21ஆம் தேதி, வழக்கம்போல் தொடங்குகிறது. அரிசி, கருவாடு, புகையிலை, மண்ணெண்ணெய். முதல் நாள் இழந்த வரவை எந்தக் கணக்கிலும் அவர் நஷ்டம் என்று எழுதவில்லை. 

வாசிப்பு வட்டத்தில் கலந்து பேச:

1. தைப்பிங் சந்திப்பின் திட்டம் நிறைவேறியிருந்தால், புர்ஹானுத்தீன் 1954இல் எழுதிய கருத்துக்கு வந்து சேர்ந்திருப்பாரா?

2. ‘கருவி’ என்று சொல்லித் தொடங்கும் ஒன்று ‘இலட்சியம்’ ஆகிவிடாமல் காப்பது எப்படி? நம் சங்க வாழ்விலிருந்து உதாரணம் கூறுக.

3. உங்கள் வீட்டில் 1947 முதல் 1970 வரையுள்ள பழைய கணக்குப் புத்தகம், அடையாள அட்டை, கப்பல் சீட்டு ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருக. பழைய தாள் என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம்.